அப்பா தூங்குதாவ

எட்டு சீட்டில் ஒன்றில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள், மற்ற ஏழும் காலி. ஏழுதானா என்று மறுபடியும் எண்ணிப் பார்த்தாள், ஏழேதான், சென்னையில் ஏறினதிலிருந்து இது நாலாவது தடவை, எண்ணுவதற்கு இந்த விமானத்துக்குள் வேறு என்ன இருக்கிறது. தூத்துக்குடியில் இருந்திருந்தால் இந்நேரம் இறால் கம்பெனிக்குள் இரண்டு சுற்று வந்திருப்பாள், ஐஸ் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்திருப்பாள், உரிக்கிற மேஜையில் எவள் கையுறை போடவில்லை என்று வாசலிலிருந்தே கண்டுபிடித்து ஒரு சத்தம் போட்டிருப்பாள். அறுபத்திரண்டு வயதில் ஐந்து மணி நேரம் சும்மா இரு என்றால் எப்படி இருப்பது. வசதியானவர்கள் எல்லாம் இப்படித்தான் பறப்பார்களாம், வரிசை கிடையாது, அறிவிப்பு கிடையாது, நாம் போய் ஏறினால்தான் விமானமே கிளம்பும். கம்பெனியில் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்கிற சந்தனராஜ்தான் இதைப் பிடித்துக் கொடுத்தான், சரக்குக்கு விமானம் பிடிக்கிறவனுக்கு ஆளுக்குப் பிடிக்கத் தெரியாதா. "அக்கா, அந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரு கப்பல்தான், இப்ப அதுவும் நின்னுபோச்சு, பெரிய ப்ளேன் அங்க எறங்காது, இதுதான் ஒரே வழி" என்றான், மூன்று நாள் அலைந்து அனுமதி எல்லாம் வாங்கினான். சுமத்ராவைத் தாண்டி எங்கேயோ கடலுக்குள் ஒரு எரிமலை, அதன் காலடியில் நானூறு சனம், தீவைச் சுற்றி நடந்துவர ஒரு பகல் போதுமாம், மலைச்சரிவில் ஒரு கண்காணிப்பு நிலையம், அதில் வேலை பார்க்கிற நாலு பேரில் ஒருத்தி செவ்வந்தி. தங்கபுஷ்பம் பெற்ற ஒரே மகள். மலை பத்து நாளாகப் புகைந்துகொண்டிருக்கிறது. அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்த விமானம், எதிரே இருக்கிற சன்னலோரச் சீட்டு அவளுக்கு என்று ஏறும்போதே முடிவு செய்தாகிவிட்டது, அதில் தன் கைப்பையைக்கூட வைக்கவில்லை. மடியில் மக்ரூன் டப்பா. தகர டப்பா கிடைக்கவில்லை, பிளாஸ்டிக்கில்தான் தந்தான் பேக்கரிக்காரன், மேலே டேப் ஒட்டி. தொட்டால் பொடிகிற பண்டம், விமானம் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அவள் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ஜூஸ் ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்று பணிப்பெண் குனிந்தாள், லாவண்யா என்று பேர், சென்னைப் பெண், ஒரே ஒரு பயணிக்கு எவ்வளவுதான் சிரித்து உபசரிப்பது என்று அவளுக்கும் அலுத்திருக்கும். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நீங்க காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல மேடம்." நீங்க. இவள் சொல்லும்போது அது எவ்வளவு சாதாரணமாகக் காதில் விழுகிறது, ஊரே அவளை நீங்க என்றுதான் சொல்கிறது, வங்கி மேனேஜர், வக்கீல், கோவில் தர்மகர்த்தா, நேற்று சேர்ந்த பிள்ளை வரைக்கும், அதெல்லாம் எந்தச் சேதமும் இல்லாமல் போகிறது, ஒருத்தி வாயிலிருந்து வந்தால் மட்டும் மீன்முள்ளாக நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை சந்தனராஜ்தான் வந்து சொன்னான், சாம்பல் பறக்கிறது, கிழக்கே போகிற சரக்கு விமானமெல்லாம் சுற்றுவழியில் போகிறது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, "அக்கா, இது நம்ம பாப்பா இருக்கிற தீவுல்லா?" என்றான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைச் செய்தி வந்திருந்தது, நலம், நீங்கள் நலமா, வாரா வாரம் அதே மூன்று வார்த்தை, ஒரு எழுத்து கூடாது, குறையாது. தங்கபுஷ்பம் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தொட்டாள். "மலை வெடிக்கப்போகுதாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாட்டி?" என்று கத்தினாள். அந்தப் பக்கம் செவ்வந்தி ரொம்ப நிதானமாக, "வேலை கெட்டுப்போகும், உங்களுக்கு எதுக்கு வீணா கவலைன்னுதான் சொல்லல. இங்க எல்லாம் நல்லாருக்கு. நீங்க கம்பெனியப் பாருங்க" என்றாள். எல்லாம் நல்லாருக்கு. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது, போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது, யார் குரல், யார் குரல் என்று தலைக்குள் தேடி, ராத்திரி சோற்றில் கை வைத்தபோது தெரிந்துவிட்டது. அது தன்னுடைய குரல்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில்... சன்னலுக்கு வெளியே மேகம் உப்பு அம்பாரம் மாதிரி வரிசையாகக் குவிந்து கிடந்தது. வெயில் பட்டுக் கண் கூசியது.

செவ்வந்தி சிறு பிள்ளையாக இருந்தபோது வீட்டில் சட்டம் ஒன்றுதான், யாரும் எழுதி வைக்காத சட்டம், அப்பா நீங்க, அம்மா நீ. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவள் அப்பா தவமணி வெளியூர் போய்விட்டு வந்தால் "அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்திய?" என்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு பணிவாக நிற்பாள், அடுத்த நிமிஷம் அடுப்படிப் பக்கம் திரும்பி "எம்மா, நீ எங்க போயித் தொலைஞ்ச, எனக்குப் பசிக்கி" என்று கத்துவாள். "பெத்தவகிட்ட பேசுத பேச்சைப் பாரு" என்று தங்கபுஷ்பம் கரண்டியை ஓங்குவாள், தவமணி சிரிப்பார், "மரியாதை எனக்கு, புள்ள ஒனக்கு, பங்கு பிரிச்சாச்சு, சண்ட போடாத" என்பார். நல்ல மனுஷன். கம்பெனி பேர் அவர் பேர், ஓட்டினது எல்லாம் இவள், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கடற்கரைக்குப் போவார், திரும்பும்போது மக்ரூன் வாங்கி வருவார், டப்பாவில் பாதி வழியிலேயே காலியாகியிருக்கும். அந்தப் பங்கு அவர் போன பிறகு எப்படி மாறியது, எந்த நிமிஷத்தில் மாறியது, தங்கபுஷ்பத்துக்கு அந்த நிமிஷம் தெரியும், ஆனால் அப்போது தெரியவில்லை, அதுதான் கொடுமை. அடக்கம் எல்லாம் முடிந்து இரண்டாம் நாள் செவ்வந்தி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினாள், கூடத்தில் சித்தப்பா, பெரியத்தை, மச்சினன்மார் என்று இருபது பேர், பையைக்கூடக் கீழே வைக்காமல் நடுவில் நின்று "நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். எல்லோரையும் சேர்த்துக் கேட்கிறாள் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள். நீங்க என்றால் நீங்கள் எல்லோரும். அவள்கூடச் சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள், யாராவது பதில் சொல்லுங்களேன் என்பது போல. பெரியத்தை முன்னால் வந்து "ஒனக்குப் பரீட்சைன்னுதாம்மா" என்று ஏதோ சொன்னாள். அடுத்த ஒன்பது நாளும் வீடு நிறைய ஆள், நீங்க சாப்பிட்டாச்சா, நீங்க தூங்குங்க, எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டது. பதினோராம் நாள் உறவெல்லாம் கிளம்பிப் போனது, அடுப்படியில் இவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், செவ்வந்தி உள்ளே வந்து அலமாரியைத் திறந்தபடி, "சீனி தீந்துபோச்சு, நீங்க சீனி இல்லாமக் குடிப்பியளா?" என்றாள். தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அடுப்படியில் அவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள்.

அதிலிருந்து ஏழு வருஷம். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, பிறந்தநாளுக்குப் புடவை வரும், கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து பத்து நாள் இருந்து சொட்டு மருந்து போட்டாள், "அண்ணாந்து பாருங்க, கண்ண மூடிக்கோங்க" என்று. பெரியத்தை பூரித்துப்போனாள், "படிக்கப் படிக்க புள்ளைக்கு மரியாதை எப்படிக் கூடியிருக்கு பாத்தியா புஷ்பம், எம் பேரன் என்னை இன்னும் ஏ கிழவிங்கான்." கூடிப்போச்சு, ஆமாம், கூடித்தான் போச்சு. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், ஏட்டி, என்ன புதுசா நீங்க நாங்கன்னுக்கிட்டு, பழையபடி பேசு என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். கேட்டால் அவள் காரணம் சொல்வாள். காரணம் சொன்னால் இவளும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. உரிக்கிற மேஜையில் நிற்கிற பெண்கள் எல்லாம் அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவ வந்தா, அவ திட்டுனா என்றுதான் பேசுவார்கள், தங்கபுஷ்பம் கணக்கெழுதுகிற கண்ணாடி அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள். மாரிக்கனிகூட அப்படித்தான்... மாரிக்கனியை நினைக்கக் கூடாது. இந்த விமானத்தில் நினைக்காமல் இருக்க இடமே இல்லை, தரையில் என்றால் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள், ஐஸ் வரவில்லை, லாரி நிற்கிறது, மோட்டார் ஓடவில்லை, அதற்குப் பின்னால் ஓடிவிடலாம். இங்கே மேகம்தான் இருக்கிறது.

மாரிக்கனி உப்பளத்துப் பக்கத்துப் பெண், இறால் உரிப்பதில் கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் தம்பி கம்பெனிக்குப் போன் பண்ணினான், அம்மா போய்விட்டாள் என்று. அன்றைக்கு மூன்று மணிக்குள் சரக்கு ஏற்ற வேண்டும். ஒருத்தி அழுதுகொண்டு ஓடினால் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே நிற்பார்கள், மேஜை நின்றுவிடும், உரித்த இறால் வெளியில் கிடந்து கெட்டுப்போகும், இதெல்லாம் அவளுக்கு அத்துபடி. "ஷிப்ட் முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றாள் தங்கபுஷ்பம். அதுதான் கம்பெனியில் வழக்கம், பதினைந்து வருஷமாக, நல்ல சேதி உடனே, கெட்ட சேதி ஷிப்ட் முடிந்து. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு, போனவர்கள் எங்கே திரும்பி வரப்போகிறார்கள், ஐந்து மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று. மூன்றேகாலுக்கு ஜீப் கொடுத்து அனுப்பினாள், கையில் செலவுக்கும் கொடுத்தாள், கெட்ட முதலாளி இல்லை. மாரிக்கனி ஜீப்பில் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பத்து மணிலேர்ந்து நான் பாட்டு பாடிக்கிட்டுல்லாக்கா உரிச்சேன்." மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேலைக்கு வருவாள் என்று பார்த்தார்கள், வரவேயில்லை. அந்தப் பேச்சின் அர்த்தம் தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நாலு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை விளங்கியது, ஐஸ் பெட்டிக்குள் தவமணி படுத்திருக்கிறார், இடுப்பில் செருகியிருந்த இவள் போன் அதிர்கிறது, எடுத்துப் பார்த்தால் போட்டோ, செவ்வந்தி கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறாள், பக்கத்தில் வெள்ளைக்கார வாத்தியார்கள், கீழே, "டாக்டர் ஆயிட்டேன்! அப்பாகிட்ட காட்டு!"

காட்டு. அதுதான் கடைசி. காட்டுங்க இல்லை, காட்டு. அந்தப் போட்டோ இன்னும் போனில் இருக்கிறது, மூன்று போன் மாற்றியும் அதைப் பத்திரமாக மாற்றிக்கொண்டே வருகிறாள், எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. திங்கட்கிழமை தவமணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நெஞ்சு வலி, டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். வியாழக்கிழமை செவ்வந்திக்கு வாய்மொழித் தேர்வு, ஐந்து வருஷப் படிப்புக்கு அதுதான் முடிவு. யாரும் யோசிக்கவே இல்லை, தங்கபுஷ்பம் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள், வியாழக்கிழமை முடியட்டும், சொல்லிக்கலாம். பிள்ளை நன்மைக்குத்தானே, சத்தியமாக அவள் நன்மைக்குத்தான், ஊரில் எந்தத் தாய் தகப்பன் இப்படிச் செய்யவில்லை, பரீட்சை முடியட்டும், விசா வரட்டும், பிரசவம் முடியட்டும் என்று எத்தனை வீட்டில் எத்தனை சாவை மூடி வைக்கிறார்கள். தவமணி புதன்கிழமை விடியற்காலை போய்விட்டார். அதன் பிறகும் வியாழக்கிழமை சாயந்தரம் வரைக்கும் இவள் சொல்லவில்லை. சரி, அது செவ்வந்திக்குத் தெரியும், அதற்குத்தான் இந்த நீங்க, அதை வாங்கிக்கொள்ளலாம். அவளுக்குத் தெரியாதது செவ்வாய்க்கிழமை மத்தியானம். தங்கபுஷ்பம் டப்பா மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பினாள், மறுபடி ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தவமணி நன்றாக முழித்திருந்தார். மூச்சுதான் வாங்கியது, நினைவு எல்லாம் தெளிவு, "செவ்வுவ ஒரு தடவ கூப்பிட்டுக் குடு புஷ்பம், ரெண்டு வார்த்த பேசுதேன்" என்றார். அவர் குரலைக் கேட்டாலே அவள் கண்டுபிடித்துவிடுவாள். இவள் வராந்தாவுக்குப் போய் ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்து "லைன் கெடைக்கலங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது அவர் கேட்கவில்லை, போனே அடித்தது. செவ்வந்தி. கட்டில் பக்கத்தில் நின்றபடியே எடுத்துவிட்டாள், பழக்கதோஷம், மணி அடித்தால் எடுத்துவிடுகிற கை. "எம்மா, அப்பா எங்க, ரெண்டு நாளா அப்பா போன் எடுக்கல?" சின்ன அறை, போனுக்கு வெளியே கேட்கிற குரல், எப்போதும் அவளுக்குப் பெரிய குரல். தவமணியின் கை போர்வைக்கு மேல் எழுந்தது, போனை வாங்க. தங்கபுஷ்பம் ஒரு அடி பின்னால் போனாள். "அப்பா தூங்குதாவ" என்றாள்.

அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவரும் பார்த்துக்கொண்டே கேட்டார். எழுந்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு மெல்லப் போர்வை மேல் விழுந்தது. கோபப்பட்டிருக்கலாம், மனுஷனுக்கு ஒரு கெட்ட வார்த்தையாவது வந்திருக்கலாம். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார், இவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ. அப்புறம் அவர் யாரிடமும் பேசவில்லை. பதினோராம் நாள் சீனி இல்லாத காபியைக் குடித்துவிட்டு செவ்வந்தி டம்ளரைப் பார்த்தபடி "அப்பா என்னைத் தேடுனாவளா?" என்று கேட்டாள், அந்த ஒன்றுதான் கேட்டாள். "இல்ல, நெனவே இல்ல" என்றாள் தங்கபுஷ்பம். தேடினார் என்றால் பிள்ளை வாழ்நாள் முழுக்க அழும், தேடவில்லை என்றால் ஒரு வாரத்தில் தேறிவிடும் என்று நினைத்தாள். என்ன கணக்கு அது. தேடவே இல்லை என்று ஒரு பிள்ளையை ஏழு வருஷம் நம்பவைத்திருக்கிறாள்.

காது அடைத்தது. விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எச்சில் கூட்டி விழுங்கினாள். லாவண்யா வந்து மண்டி போட்டமாதிரி உட்கார்ந்து, "மேடம், கேப்டன் சொல்லச் சொன்னாரு. சாம்பல் இப்ப வடக்குப் பக்கமாத்தான் போகுது, நமக்குப் பிரச்சினை இல்ல. ஆனா தரையில முப்பது நிமிஷம்தான் நிப்போம். காத்து திரும்புச்சுன்னா உடனே கிளம்பணும். உங்க பொண்ணு ரெடியா இருப்பாங்கல்ல?" என்றாள். இருப்பாங்க என்று தங்கபுஷ்பம் சொன்னாள், சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது, எவ்வளவு சுலபமாக வருகிறது பார். விமானம் பிடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டபோதும் செவ்வந்தி வருகிறேன் என்று சொல்லவே இல்லை, விமானம் வருதா, எத்தனை சீட்டு என்று மட்டும்தான் கேட்டாள். வராவிட்டால். வராமல் இந்த மலை வெடித்துவிட்டால். அப்போது அப்பா தன்னைத் தேடவில்லை என்பதோடேயே அவளும் போய்விடுவாள். சொல்லிவிட்டால், சொன்னால் அந்த மூன்று வார்த்தையும் நின்றுபோகும், ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் போகும், ஏழு சீட்டும் காலியாகத்தான் திரும்பும். முதலில் ஏற்றிவிடுவோம், ஏறினபிறகு மேலே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம், இறங்கி ஓடவா முடியும். இல்லை, வீட்டுக்குப் போய். இல்லை, அவள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு. சன்னலில் மலை தெரிந்தது. படத்தில் பார்த்தது மாதிரி நெருப்பெல்லாம் இல்லை, கருப்பாகக் குட்டையாக ஒரு குன்று, தலையிலிருந்து பழுப்பாகப் புகை ஒருபக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது, சமையல் நடக்கிற வீடு மாதிரி. இதற்காகவா இவ்வளவு தூரம் பயந்தோம் என்று ஒரு விநாடி தோன்றியது. சக்கரம் தரையைத் தொட்டதும் மக்ரூன் டப்பாவுக்குள் ஏதோ நொறுங்கியது.

கதவு திறந்ததும் தீக்குச்சி உரசின வாடை மூக்கில் ஏறியது. படியில் இறங்கும்போது காலுக்கடியில் நறநறவென்றது, செருப்பைத் தூக்கிப் பார்த்தாள், சாம்பல். ஓடுபாதை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதன் நிழலில் கொஞ்சம் சனம், மூட்டையும் முடிச்சுமாக, அவர்களை விட்டுப் பிரிந்து முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒருத்தி வந்தாள், முகமூடியை இறக்கினாள். மூக்குக்கு மேலே சாம்பல் நிறம், கீழே அவள் நிறம். முன்தலையில் நாலைந்து நரைமுடி, அது சாம்பலா நரையா என்று தங்கபுஷ்பம் உற்றுப் பார்த்தாள், நரைதான். முப்பத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு. "வாங்க" என்றாள் செவ்வந்தி. "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? மாஸ்க்கு போட்டுக்கோங்க." பாக்கெட்டிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து, உதறி, நீட்டினாள்.

"பை எங்கட்டி?" என்றாள் தங்கபுஷ்பம். "ஒன் பையை எடு. அரைமணிதான் டைம் குடுத்திருக்கான்."

"நான் வரலம்மா. நான் போன்லயே வர்றேன்னு சொல்லலியே." செவ்வந்தி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "அதுல ஏழு பேரு இருக்காவ. ரெண்டு பேரு மாசமா இருக்காவ, ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், மிச்சம் நடக்க முடியாத ஆளுங்க. சீட்டு ஏழு காலின்னு நீங்கதான சொன்னிய? போற வழியில சுமத்ராவுல எறக்கிவிட்டாப் போதும், அங்க சொல்லி வச்சாச்சு, ஆம்புலன்ஸ் நிக்கும். மத்தவங்களை ஏத்த நாளன்னைக்குத் தனியா ஒரு கப்பல் வரும்."

"ஏழு சீட்டும் அவங்களுக்குன்னா ஒனக்கு?"

"எனக்கு இங்க வேலை இருக்கு. கருவிய நான் பாக்கலன்னா கீழ இருக்குற சனத்துக்கு யாரு சொல்லுவா, எப்ப ஓடணும்னு?" கொஞ்சம் சிரித்தாள், களைத்த சிரிப்பு. "என் ஷிப்ட் இன்னும் முடியல."

ஷிப்ட் என்ற வார்த்தை அவளுக்குச் சாதாரணமாகத்தான் வந்தது. தங்கபுஷ்பம் வாய்க்குள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏழு பேரும் வந்து ஒவ்வொருவராக ஏறினார்கள், லாவண்யா கை கொடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஏறும்போது செவ்வந்தி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல அந்தப் பெண் சிரித்தாள், எதிரே சன்னலோரச் சீட்டில் அவள்தான் உட்கார்ந்தாள், வெளியிலிருந்தே தெரிந்தது. நல்ல காரியம்தான், தவமணி இருந்தால் சபாஷ் போட்டிருப்பார். நியாயமாக ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல இடமில்லை. தங்கபுஷ்பம் டப்பாவை நீட்டினாள், "நொறுங்கிப்போச்சு" என்றாள். "பரவால்ல, குடுங்க" என்று செவ்வந்தி வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மேலே எங்கேயோ கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம், செவ்வந்தி சட்டென்று திரும்பி மலையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உதடு எதையோ எண்ணியது. விமானத்துக்குள்ளிருந்து லாவண்யா ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து நிமிஷம். இப்போது சொல்லலாமா. இப்போது சொன்னால் பிள்ளை இடிந்து போய்விடுவாள், இடிந்தவள் எப்படிக் கருவியைப் பார்ப்பாள், நானூறு பேர் உயிர், வேலை கெட்டுப்போகும், மலை அடங்கட்டும், கப்பல் வரட்டும், வேலை முடியட்டும், முடியட்டும், சொல்லிக்கலாம். தங்கபுஷ்பம் தனக்குள்ளே அந்தக் குரலைக் கேட்டாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து வருகிற குரல், வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்ற குரல், எப்போதும் பிறத்தியார் நன்மைக்கே பேசுகிற குரல். இப்படியே இதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஏறிவிட்டால், இந்தப் பிள்ளையும் பாட்டு பாடிக்கொண்டே உரித்துக்கொண்டிருக்கும்.

"செவ்வு" என்றாள். அது தவமணி கூப்பிடுகிற பேர், இவள் கூப்பிட்டதில்லை. செவ்வந்தி திரும்பினாள். "அன்னைக்கு, செவ்வாக்கெழம, நீ போன் பண்ணுனல்லா. அப்பா தூங்கல."

"என்ன?"

"முழிச்சுத்தான் இருந்தாவ. எம் பக்கத்துல. ஒன் சத்தம் அவுகளுக்குக் கேட்டுச்சு, போனுக்குக் கைய நீட்டுனாவ. நான் குடுக்கல. அதுக்கு முன்னாலயே ரெண்டு தடவ ஒன்னக் கேட்டாவ, லைன் கெடைக்கலன்னு பொய் சொன்னேன். நெனவு இல்லன்னு சொன்னதும் பொய். தேடுனாவ. ஒன்ன மட்டும்தான் தேடுனாவ."

செவ்வந்தியின் அக்குளில் இருந்த டப்பா நழுவிக் கீழே விழுந்தது, மூடி திறந்து வெள்ளையாகத் தூள் சாம்பலில் கொட்டியது, அவள் அதைப் பார்க்கவில்லை. "தூங்குதாவன்னு சொன்ன" என்றாள் மெதுவாக. "அப்பா கேட்டுக்கிட்டே இருக்கும்போதா சொன்ன?" ஒரு அடி முன்னால் வந்தாள். "நீயாம்மா? அவரு பாத்துக்கிட்டே இருக்கும்போது, நீ... அப்பா என்னை ஒரு வார்த்த கேக்கலியேன்னு நான் ஏழு வருஷமா... என்னை மறந்துட்டுப் போயிட்டாவன்னு..." தங்கபுஷ்பம் கையை நீட்டினாள், செவ்வந்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள், நன்றாக, வலிக்கிற மாதிரி. "தொடாத. எங் கண்ணு முன்னால நிக்காத. போ. ஏறு அதுல, ஏறிப் போ நீ!" முகமெல்லாம் கண்ணீர் சாம்பலைக் கரைத்துக்கொண்டு ஓடியது, முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள், பூட்ஸ் சாம்பலில் புதைய மலைப் பக்கமாக நடந்தாள், நின்றாள், திரும்பி நடந்து வந்து கீழே கிடந்த டப்பாவைப் பொறுக்கி எடுத்தாள், மிச்சத்தோடு மூடினாள், அம்மா முகத்தைப் பார்க்காமலே மறுபடியும் போனாள்.

எப்படிப் படியேறினாள் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியாது. எட்டு சீட்டும் நிறைந்திருந்தது. விமானம் கிளம்பித் திரும்பும்போது சன்னல் வழியே தேடினாள், சரிவில் ஒரு சின்ன உருவம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அவளா, கல்லா, புகை மறைத்துவிட்டது. மகளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று கேட்கக்கூட எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. தட்டிவிட்ட இடம் மணிக்கட்டுக்கு மேல் சிவந்திருந்தது, அதை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். அழுகை வந்தது, இத்தனை பேர் முன்னால் அவள் அழுததேயில்லை, தவமணிக்குக்கூட அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. எதிர்ச்சீட்டு மாசக்காரப் பெண் வயிற்றில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாவண்யா தண்ணீர் கொண்டு வந்து குனிந்தாள்.

"உங்க பொண்ணு வரலியா மேடம்? என்ன சொன்னாங்க?"

தங்கபுஷ்பம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த இடமெல்லாம் கருப்பாக அப்பிக்கொண்டது.

"போன்னு சொல்லிட்டா" என்றாள். "போங்கன்னு சொல்லல."